வாத்து கத்திய அலைவரிசை

ஊரிலுள்ள உயரமான கட்டடங்கள் பலவற்றில் மனிதர்களைச் சேதமின்றி மேலே ஏற்றிக் கீழே இறக்கும் பொறுப்பு அவருடையது. ஆனால், அவர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் இல்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காவது மாடிக்கு நாள்தோறும் படியேறித்தான் போனார். புதியவர்கள் யாரையாவது சந்தித்தால், அவர்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இடம் கொடாமல் தாமே சொல்லிவிடுவார்.

“நான் லிப்ட் மெக்கானிக். குடியிருக்கிறது நாலாவது மாடி. லிப்ட் கிடையாது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடலாம்.”

சிரித்து முடித்தவர்களுக்கு அவர் அன்றுமுதல் ‘லிப்ட்காரர்’ ஆகிவிடுவார். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் அழைத்தார்.

கீழ்த்தளத்துக்கு வீடு மாறாமல் அவர் காலம் கடத்தியதற்குக் காரணம் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் தூணிலிருந்து படிக்கட்டு அறையின் உச்சிவரை அங்கே ஒரு கம்பி ஓடியது. மற்றவர்களுக்கு அது துணி உலர்த்தும் கொடி. மூன்றாவது மாடிக்காரர் ஒருமுறை அதில் ஈரப் போர்வையையே போட்டுவிட்டார். லிப்ட்காரருக்கோ அது ஆன்டெனா. தேர்வு எழுதி, உரிமம் பெற்று, அமெச்சூர் வானொலியில் உலகத்தோடு உரையாடுகிறவர் அவர். உரையாடல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. “நீங்கள் எனக்குக் கேட்கிறீர்கள், நான் உங்களுக்குக் கேட்கிறேனா? நன்றி” என்பதோடு முடிந்துவிடும். இதற்காக ஒரு மனிதர் தொண்டை வறளக் கத்துவதைப் பற்றி மனைவியின் தம்பிக்குத் தனிக் கருத்து உண்டு.

“மாமா, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தா நீங்க இந்த மூணு வார்த்தைகூடப் பேசறதில்லையே?”

“அவர் கதவைத் திறந்தாலே கிடைச்சுடறாரேப்பா. அதுல என்ன இருக்கு?”

மனைவி ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். வருகிறவர்களிடமும் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடமும் “யாரு? எங்கேருந்து?” என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அந்தக் கேள்வியே முதலில் வாயில் வந்தது. அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஓராண்டாகவே ஒத்துழைக்க மறுத்தன. வேலை முடிந்து வந்தால், ஒவ்வொரு மாடியின் திருப்பத்திலும் கைப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெளியே ஏதோ வேடிக்கை பார்ப்பவர்போல் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். வேடிக்கை பார்க்க அங்கே அடுத்த கட்டடத்தின் கழிவுநீர்க் குழாயைத் தவிர வேறொன்றுமில்லை என்பது லிப்ட்காரருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார். அந்த வகையில் தமக்கு நிகர் தாமே என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளி, தரையோடு தரையாக ஒரு வீட்டை மனைவியின் தம்பி பார்த்து வைத்திருந்தார். மாதக் கடைசிவரை காத்திருப்பதாக அதன் உரிமையாளர் சொல்லியிருந்தார். சுற்றிலும் உயரமான கட்டடங்கள். அங்கே கம்பி கட்டினால் காகம்கூட உட்காராது. லிப்ட்காரர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அந்த நிபந்தனை ஒரு தீவு.

பறவைகள் மட்டுமே குடியிருக்கும் தீவு அது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வானொலிப் பித்துப் பிடித்த சிலர் கப்பலேறிப் போய், கூடாரம் அடித்து, அங்கிருந்து உலகத்தோடு பேசிவிட்டு, குளிர் தாங்காமல் திரும்பிவிடுவார்கள். சென்ற முறை அவர்கள் போயிருந்தபோது, கடைசி நாளன்று லிப்ட்காரர் தாம் பழுதுபார்த்த லிப்ட்டுக்குள் தாமே மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுப்பதற்குள் அங்கே கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் போயிருக்கிறார்கள்; மாதக் கடைசிக்குள் திரும்பிவிடுவார்கள். இந்த முறை தவறினால், அடுத்த முறை கம்பியும் இராது, மாடியும் இராது.

“இந்தத் தீவோட ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். கம்பியை நானே சுருட்டிடறேன். உன் முழங்கால் மேல சத்தியம்.”

“என் முழங்காலை விட்டுடுங்க. அது ஏற்கெனவே படாத பாடு படுது” என்றார் மனைவி.

தீவு எப்போது, எந்த அலைவரிசை எண்ணில் பேசும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இணையத்தில் தகவல் தளங்கள் இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலாவது ஒருவர் ஓர் அரிய நிலையத்தைக் கேட்டுவிட்டால், “இன்ன நிலையம், இன்ன எண்ணில், இப்போது” என்று அதில் எழுதிவிடுவார். கண்டவர் மற்றவர்க்குச் சொல்லியாக வேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் எழுதாத மரியாதை. இவற்றுள் எந்தத் தளத்தை வைத்துக்கொள்வது என்று அறிய, லிப்ட்காரர் தம்மைப் போலவே வானொலிப் பித்தரான பல்மருத்துவரிடம் போனார். கேள்வியை அவர் கேட்டது பல்மருத்துவரின் நாற்காலியில் படுப்பதற்கு முன். பதில் வந்தது படுத்த பிறகு.

“ஒண்ணு போதாது. வரிவரியா ஓடுறது ஒண்ணு. யார் யாரைக் கேக்கறாங்கன்னு மேப்ல கோடு போடுறது ஒண்ணு. மனுஷங்களே இல்லாம மெஷின்களே உட்கார்ந்து கேட்டுச் சொல்றது ஒண்ணு. போன்ல சத்தம் போட்டுக் கூப்பிடுறது ஒண்ணு. இதெல்லாத்தையும் ஒண்ணாத் திரட்டிக் குடுக்கிறது இன்னொண்ணு. அஞ்சையும் வச்சுக்கோங்க. என்ன?”

வாயில் பஞ்சும் கண்ணாடியும் இருந்ததால், “ஐந்து எதற்கு?” என்று லிப்ட்காரரால் கேட்க முடியவில்லை. “ஆ” என்றார். அதைப் பல்மருத்துவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்தும் வீட்டுக்கு வந்தன. முதல் தளத்தில் வரிகள் ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகைபோல் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், பார்க்க வேண்டிய வரி பார்க்க முடியாத இடத்துக்குப் போயிருக்கும். இரண்டாவது தளத்தின் வரைபடத்தைத் தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப்பார்த்த மனைவி, “என்ன இது, நூல்கண்டைப் பூனைகிட்டக் குடுத்த மாதிரி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். போனில் கூப்பிடும் நான்காவதற்கு ஒரு சத்தம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மணியோசைகள் எல்லாம் லிப்ட்டின் ஓசைபோலவே இருந்தமையால், குழப்பம் வேண்டாமென்று வாத்தின் குரலை வைத்தார். இது தம் வாழ்நாளின் சிறந்த முடிவுகளுள் ஒன்று என்று ஒரு நாள் முழுவதும் நம்பினார்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி; கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி. லிப்ட்காரர் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, “பதற்றப்படாதீங்கம்மா, இதோ ஆயிடுச்சு” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே கையால் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் வாத்து கத்தியது. ஒருமுறை அல்ல, நிறுத்தாமல் கத்தியது.

உள்ளேயிருந்து மிக நிதானமான குரல் ஒன்று கேட்டது.

“மேல எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான் ஒருத்தன்தாம்மா.”

“அப்போ அந்த வாத்து?”

“அது… வேற தீவு சம்பந்தப்பட்ட விஷயம்மா.”

வெளியே வந்ததும் அந்த அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார். வாத்து அழைத்ததோ தீவுக்காக அல்ல. பூமியின் மறுபக்கத்தில் யாரோ ஒருவர், நாள்தோறும் கேட்கக்கூடிய ஒரு நிலையத்தைக் கேட்டு மகிழ்ந்திருந்தார்.

அன்று மாலையே அவர் தளங்களுக்குச் சல்லடை போடத் தொடங்கினார். இந்த நாடு வேண்டாம், அந்த நேரம் வேண்டாம், இந்த வகை ஒலிபரப்பு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கினார். விலக்கி விலக்கி, இறுதியில் வாத்து முற்றிலும் ஊமையாகிவிட்டது. நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பல்மருத்துவர் கூப்பிட்டு, “தீவு நேத்து நல்லா வந்ததே, பிடிச்சீங்களா?” என்று கேட்டபோதுதான், சல்லடையில் தீவையும் சேர்த்து வடிகட்டியிருந்தது தெரிந்தது. சல்லடையைப் பிரித்தார். உடனே வாத்து மீண்டும் பொழுதெல்லாம் கத்தியது. ஐந்து தளங்களும் தீவு கேட்கிறது, கேட்கிறது என்று கூவின. அவர் ஓடிப்போய் அந்த எண்ணில் வானொலியைத் திருப்பினால், கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த இரைச்சல் மட்டுமே கேட்டது.

“இதோ, இப்பக்கூடக் கேக்குதாம். இங்க ஒண்ணுமே இல்லை. கருவிதான் சரியில்லை. வேற ஏதாவது நல்ல தளமாப் பார்க்கணும்” என்று சலித்துக்கொண்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார். “கேக்குதுன்னா யாருக்குக் கேக்குது?”

“என்ன?”

“யாரு கேட்டதாச் சொல்றாங்க? எங்கேருந்து? நம்ம பக்கத்து ஆளா, உலகத்துக்கு அந்தப் பக்கமா?”

லிப்ட்காரர் திரையை உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும், கேட்டவரின் அடையாளம் ஓர் ஓரத்தில் இருந்தது. அவர் இதுவரை அந்த ஓரத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாரும் வேறு கண்டத்தார். அங்கே மழை பெய்கிறது என்பதற்காக இங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்! அசடு வழியச் சிரித்துவிட்டு, அருகிலுள்ளவர்கள் கேட்டதை மட்டும் காட்டும்படி எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார். திரை வெறுமையாயிற்று. “உனக்கு இப்போது ஒன்றுமில்லை, போய் வேறு வேலையைப் பார்” என்று பணிவாகச் சொல்லும் வெறுமை. பல நாள்களுக்குப் பிறகு அவர் அன்று மனைவியோடு சேர்ந்து துணி மடித்தார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் பாதிப் பொருள்கள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. மறுநாள் காலை தீவில் கூடாரத்தைப் பிரிக்கப்போவதாகச் செய்தி வந்திருந்தது. திரையில் எதுவுமில்லை. வேறு வழி தோன்றாமல், பழைய காலத்தைப் போல, அவர் வானொலியின் குமிழைக் கையாலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு போனார். ஓரிடத்தில், இரைச்சலுக்கு அடியில், ஒரு மனிதர் சளி பிடித்த குரலில் தம் நிலையத்தின் அடையாளமான அழைப்புக் குறியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லை. மறுபடியும் சொன்னார்.

தீவு.

லிப்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். உடனே அழைத்திருக்கலாம். ஆனால், கண்டவர் மற்றவர்க்குச் சொல்லியாக வேண்டுமே! தாம் பிடித்துக்கொண்டு பிறகு சொல்வது அவருக்கு ஒப்பவில்லை. அது பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடத் தொடங்குவது போலாகும். முதலில் கணினியில் தகவலைப் பதிவு செய்தார். பிறகுதான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். அழைத்தார். முதல் அழைப்பிலேயே பதில் வந்தது. தம் அழைப்புக் குறியைத் தீவிலிருந்து ஒருவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டபோது, அவருக்கு நன்றி என்ற சொல்லே மறந்துபோய், வணக்கத்தையே இரண்டு முறை சொன்னார். போதாததற்கு அந்த மனிதர், “இங்கே என்ன, இன்று யாரையுமே காணோம்?” என்று வேறு கேட்டார். லிப்ட்காரருக்கும் அது வியப்பாகத்தான் இருந்தது.

ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். வாத்து கத்தியது.

திரையைப் பார்த்தார். தீவு பேசுகிறது என்று நான்கு தளங்கள் ஒரே குரலில் கூவின; இயந்திரத் தளம் மட்டும் பேசாமலிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆனால், அவர் பேசிய எண்ணில் அல்ல, வேறோர் எண்ணில். அவருடைய உற்சாகம் சட்டென்று வடிந்தது. இந்த உலகத்தில் போலிகள் உண்டு. தீவின் பெயரைச் சொல்லி ஏமாற்றும் குறும்புக்காரர்கள் உண்டு. முதல் அழைப்பிலேயே பதில் கிடைத்ததும், ஆளே இல்லாமல் இருந்ததும் இப்போது அவருக்கு விளங்கின. நான்கு தளங்கள் பொய் சொல்லுமா? தம் காதுதான் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

பரபரவென்று வானொலியைப் புதிய எண்ணுக்குத் திருப்பினார். அடேயப்பா! அங்கே ஒரு திருவிழாக் கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. தீவின் குரல் கேட்கவில்லை. ஆனால், இத்தனை பேர் கத்தினால் அங்கே யாரோ இருந்துதானே ஆக வேண்டும்? லிப்ட்காரரும் தம் பங்குக்குக் கத்தத் தொடங்கினார். கூட்டத்துக்கு நடுவே பல்மருத்துவரின் குரலும் கேட்டது. அடுத்த அறையிலிருந்த பெட்டிகள் அதிரும்படி லிப்ட்காரர் கத்திய கத்தலில், மனைவியும், பெட்டி கட்ட வந்து தங்கியிருந்த மைத்துனரும் கதவருகே வந்து நின்றார்கள்.

“கிடைச்சுதா மாமா?”

“இப்பத்தான் ஒரு போலிகிட்ட ஏமாந்தேன். அசல் இங்க இருக்கு. நாலு தளம் சொல்லுது.”

“நாலுக்கும் யாரு சொன்னாங்க?” என்று கேட்டார் மனைவி.

“யாரோ சொல்லியிருப்பாங்க. அதுவா முக்கியம் இப்போ?”

மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரைக்கருகே குனிந்தார். வேலையில் எத்தனையோ பேரின் எழுத்தைப் படித்துப் பழகிய கண்கள். அந்த வரியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“என்னங்க, இது உங்க குறிதானே?”

லிப்ட்காரர் பார்த்தார். கேட்டவர் என்ற இடத்தில் அவருடைய அழைப்புக் குறிதான் இருந்தது. அந்த ஒரே ஒரு வரியைத்தான் மற்ற மூன்று தளங்களும் எடுத்துத் தத்தம் கூரைமேல் ஏறிக் கூவிக்கொண்டிருந்தன. பதிவுப் பெட்டியில், காலையில் அவர் சோதித்துப் பார்த்த பழைய எண் அப்படியே நின்றிருந்தது. அவசரத்தில் தீவின் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார், எண்ணை மாற்றவில்லை. ஆகவே, அசல் தீவு இருந்த இடத்திலேயே, ஆளரவமின்றி, சளியோடு காத்திருந்தது. அதனோடு பேசிய ஒரே மனிதர், தாம் எழுதிய பொய்யைத் தாமே நம்பி, அந்த இடத்தை விட்டு ஓடிவந்து, காலி வெளியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

“சிரிச்சுடுப்பா. அடக்கினா உடம்புக்கு ஆகாது” என்றார் லிப்ட்காரர்.

உடனே திருத்தம் எழுதினார். சரியான எண்ணைக் கொடுத்து, “முந்தைய தகவல் என் பிழை. மன்னிக்கவும். அங்கே யாரும் இல்லை, நானும் அங்கேதான் கத்திக்கொண்டிருந்தேன்” என்றும் சேர்த்தார். கூட்டம் ஒரே மூச்சில் இடம்பெயர்ந்தது. சிறிது நேரத்தில் பல்மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது: “தீவு கிடைச்சுடுச்சு. ஆனா உங்களால வெட்டவெளியோட ரொம்ப நேரம் பேசினேன். அடுத்த பல்லை மயக்க ஊசி இல்லாமத்தான் எடுப்பேன்.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லிப்ட்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“யோசிச்சுப் பார்த்தா, இதைக் கணக்குல எடுத்துக்கிறது நியாயமில்லை. எல்லாரையும் வேற இடத்துக்குத் துரத்திட்டு, நான் மட்டும் தனியாப் போய்ப் பேசினது மாதிரி ஆயிடுச்சு. தெரியாமத்தான் பண்ணினேன்; இருந்தாலும் மனசாட்சி உறுத்துது. அடுத்த தடவை அவங்க வரும்போது முறையாப் பேசினாத்தான்…”

மனைவி நீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“அடுத்த தடவைன்னா எப்போ?”

“சில வருஷம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் கம்பி?”

“கம்பி இருந்தாத்தானே…”

“லிப்ட்காரரே,” என்றார் மனைவி. மைத்துனர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “அந்தத் தீவுக்காரர் கூப்பிட்டாரு. நீங்க கேட்டீங்க. நீங்க பேசினீங்க, அவரு கேட்டாரு. அது நடந்ததா இல்லையா?”

“நடந்தது.”

“தப்பு எழுதினீங்க. திருத்தி எழுதினீங்க. அதுவும் நடந்தது. மனசாட்சி உறுத்துதுன்னு சொன்னீங்களே, அது எந்த இடத்துல உறுத்துது? எனக்கு இங்கதான் உறுத்துது.” முழங்காலைத் தொட்டுக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் லிப்ட்காரருக்குத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும்.

தாம் இதுவரை எத்தனையோ சாக்குகள் சொல்லியிருந்தாலும், நேர்மையையே சாக்காகக் கொண்டுவந்தது இதுதான் முதல்முறை என்பதை அவர் உணர்ந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் காலை, மைத்துனர் எழுந்திருப்பதற்கு முன்பே, மொட்டைமாடிக்குப் போய்க் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார். மூன்றாவது மாடிக்காரர் மட்டும், “கொடியை ஏன் சார் எடுத்துட்டீங்க?” என்று வருத்தப்பட்டார்.

வீடு மாறிய அன்று மனைவி படிக்கட்டில் கடைசியாக இறங்கினார். எந்தத் திருப்பத்திலும் கைப்பையைச் சன்னல் விளிம்பில் வைக்கவில்லை. லிப்ட்காரர் அவருக்கு முன்னால், வானொலிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும், “நம்ம கட்டடத்துல நான் பத்திரமாக் கீழே இறக்கின முதல் ஆள் நீதான்” என்றார்.

“இத்தனை வருஷம் நடுவுலயே நிறுத்தி வச்சிருந்தீங்களே, அதைச் சொல்லுங்க.”

புதிய வீட்டில் அவர் நான்கு தளங்களை நீக்கினார், வாத்தையும் விடுவித்தார். மனிதரின் துணையின்றி இயந்திரங்களே கேட்டுச் சொல்லும் தளத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நாம் தட்டும் மோர்ஸ் தந்திக் குறி எங்காவது ஒரு கேட்புநிலையத்தை எட்டினால், இன்னார் கேட்டார் என்று அது எழுதும். எட்டாவிட்டால் பேசாமல் இருக்கும். முகஸ்துதி தெரியாத தளம். பின்கட்டுச் சுவரோரமாக, தலைக்கு எட்டும் உயரத்தில், பழைய கம்பியில் ஒரு துண்டைக் கட்டினார். எதிர்பார்ப்பு எதுவுமில்லை என்று மைத்துனரிடம் மூன்று முறை சொன்னார். பிறகு தந்திக் கட்டையைத் தட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

“கேட்டுடுச்சு! யாருக்கோ கேட்டுடுச்சு!” என்று அவர் கூவியதைக் கேட்டு மனைவி வந்தார். இப்போது அவர் அறையிலிருந்து அறைக்கு முன்பைவிட விரைவாக வந்தார்.

“யாருக்கு? எங்கேருந்து?”

லிப்ட்காரர் இந்த முறை ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

“உன் அண்ணன் இருக்கிற ஊர்லேருந்து.”

பேருந்தில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும் ஊர் அது. மனைவி திரையையும் கம்பியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கே பேசறதுக்கு இத்தனை பாடா? போன்லயே கூப்பிட்டிருக்கலாமே!”

“கூப்பிட்டா, எடுத்துடுவாரே” என்றார் லிப்ட்காரர்; தந்திக் கட்டையை மறுபடியும் தட்டத் தொடங்கினார்.